இருசு எங்கே ஒடிகிறது?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. (இயற்பியல்)

மயிலிறகு மிக மெல்லியது. ஆயினும் அதையே அளவுக்கு மீறி ஏற்றிக்கொண்டு போனால் வண்டியின் அச்சு முறிந்துவிடும் என்று வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் கூறியிருக்கிறார். அரசனுக்குச் சொன்ன அறிவுரைதான். என்றாலும் அதற்குள் ஒரு பொறியியல் உண்மையும் அடங்கியிருக்கிறது. அவர் கண்ட வண்டி மாட்டு வண்டி. அதில் இருசு சுழல்வதில்லை. அசையாமல் நிற்கும் இருசின் மேல் சக்கரம்தான் சுழல்கிறது. பாரம் தாங்குவது ஒன்றே அந்த இருசின் வேலை. ஆகவே அது ஒடிவதும் பாரத்தினால்தான்.

லாரியிலும் ஜீப்பிலும் டிராக்டரிலும் நிலைமை வேறு. என்ஜினில் பிறக்கும் ஆற்றல் ஒரு தண்டின் வழியாகச் சென்றுதான் சக்கரத்தைச் சுழற்ற வேண்டும். அந்தத் தண்டு ஒரு முனையில் திருப்பப்படுகிறது. மறுமுனையில் தரை அதைத் திரும்பவிடாமல் பிடித்துக்கொள்கிறது. நடுவில் தண்டு ஈரத் துணியைப் பிழிவது போல் முறுக்கப்படுகிறது. எனவே பாரமே இல்லாத வண்டியின் இருசுகூட ஒடிந்துபோகலாம். தார்ச்சாலையில் இது அரிது. கல்குவாரியிலும், மண் குழியிலும், சேற்றிலும், ஆற்று மணலிலும் அடிக்கடி நேர்கிறது. அத்தகைய இடங்களில் ஓடும் வண்டிகளின் இருசையும் அதைச் சார்ந்த பற்சக்கரங்களையும் எப்படி வலுப்படுத்துகிறார்கள் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

எங்கள் ஊராகிய பருத்திப்பட்டு, ஆவடிக்கும் பூவிருந்தவல்லிக்கும் இடையில் இருக்கிறது. ஆவடியில் டாங்கிகள் செய்கிறார்கள். சற்றுத் தள்ளி அம்பத்தூரிலும் பாடியிலும் வண்டிகளுக்கு வேண்டிய சக்கரம், பிரேக், திருகாணி முதலான உறுப்புகளைச் செய்கிறார்கள். என் தந்தையார் அம்பத்தூரில் ஒரு சிறு பட்டறையில் லேத்தில் கடைசல் வேலை செய்பவர். தாய்மாமா டிப்பர் லாரி ஓட்டுபவர். ஒருவர் தண்டைச் செய்கிறார், மற்றவர் அதை ஒடிக்கிறார் என்று வீட்டில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. (மாமா ஒடித்தது எப்படி என்பதைப் பின்னால் சொல்கிறேன். அது வேடிக்கையன்று.)

முதலில் நமக்குத் தெரிந்த ஒன்றிலிருந்து தொடங்குவோம். முதலாண்டில் நாம் அனைவரும் முறுக்கு ஊசல் சோதனை செய்திருக்கிறோம். ஒரு கம்பியில் வட்டத்தட்டைத் தொங்கவிட்டு, சற்றே திருப்பி விட்டு, அலைவு நேரத்தை நிறுத்து கடிகாரத்தால் அளந்து, விறைப்புக் குணகத்தைக் கண்டுபிடித்துப் பதிவேட்டில் எழுதிக் கையொப்பம் வாங்கினோம். கம்பியை முறுக்குவதற்கு வேண்டிய திருப்பு விசை கம்பியின் ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது என்பதையும் தேர்வுக்காக மனப்பாடம் செய்தோம். அந்தக் கம்பியைக் கட்டைவிரல் பருமனைவிடப் பெரிதாக்கிப் படுக்க வைத்தால் அதுதான் லாரியின் இருசுத் தண்டு. சமன்பாடு மாறுவதில்லை.

அந்தச் சமன்பாட்டில் பலரும் கவனிக்காத ஒரு செய்தி இருக்கிறது. தண்டு முறுக்கப்படும்போது நடு மையத்தில் தகைவு எதுவும் இல்லை. மையத்திலிருந்து விலக விலகத் தகைவு கூடிக்கொண்டே போய், மேற்பரப்பில் உச்சத்தை அடைகிறது. அதாவது தண்டின் உள்பகுதி பெரும்பாலும் சும்மா இருக்க, வெளித்தோல்தான் உழைக்கிறது. விட்டத்தில் பாதி அளவுக்கு நடுவில் துளையிட்டு எடுத்துவிட்டால் எடையில் கால் பங்கு குறையும். வலிமையில் குறைவதோ பதினாறில் ஒரு பங்குதான். குழாய் வடிவத் தண்டுகளை எங்கும் காண்பதற்கு இதுவே காரணம். லாரியின் நடுவில் கியர்ப் பெட்டியிலிருந்து பின்னிருசு வரை நீண்டு கிடக்கும் தண்டும் குழாய்தான்.

இனி, எவ்வளவு முறுக்கு வரும் என்று கணக்கிட்டுப் பார்ப்போம். கணக்குக்காக ஒரு வண்டியை நாமே கற்பனை செய்துகொள்வோம். நான்கு சக்கரங்களும் இயங்கும் வண்டி அது. அதன் என்ஜின் 500 நியூட்டன் மீட்டர் திருப்பு விசை தருகிறது. முதல் கியர் அதை 7 மடங்காக்குகிறது. மேடு ஏறுவதற்கென்று வைத்த துணைக் கியர்ப் பெட்டி மேலும் 2 மடங்காக்குகிறது. இருசின் நடுவிலுள்ள கிரவுன் வீலும் பினியனும் 6 மடங்காக்குகின்றன. ஆக 42,000 நியூட்டன் மீட்டர். நான்கு சக்கரமும் சமமாகப் பகிர்ந்தால் ஒன்றுக்குப் பத்தாயிரத்துச் சொச்சம்.

ஆனால் சமமாகப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. ஒரு சக்கரம் குழியில் தொங்குகிறது, இன்னொன்று சேற்றில் வழுக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது டிஃபரன்ஷியலைப் பூட்டினால்தான் வண்டி நகரும். பூட்டிய மறுகணம் பிடிமானமுள்ள சக்கரத்தின் தண்டுக்கே முழுச் சுமையும் வந்து சேர்கிறது. எது வரை? டயர் தரையைப் பிடித்துக்கொண்டிருக்கும் வரை. அதற்கு மேல் டயர் வழுக்கிவிடும். சக்கரத்தின் மேல் இரண்டரை டன் எடையும், அரை மீட்டர் ஆரமும், காய்ந்த பாறையில் 0.8 உராய்வுக் குணகமும் இருக்குமானால் அந்த எல்லை ஏறக்குறைய 10,000 நியூட்டன் மீட்டர். ஆகவே இருசுத் தண்டுக்கு இரண்டு எல்லைகள் உண்டு. என்ஜின் கொடுக்கக்கூடியது ஒன்று. டயர் வாங்கிக்கொள்ளக்கூடியது மற்றொன்று. இவற்றில் எது குறைவோ அதைத் தாங்கினால் தண்டு பிழைத்தது. பெரிய டயர் மாட்டினால் வண்டி கம்பீரமாகத் தோன்றும் என்று மாட்டுகிறவர்கள், இருசு தாங்க வேண்டிய எல்லையையும் உயர்த்திவிடுகிறார்கள்.

இந்த 10,000 நியூட்டன் மீட்டரை 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள திடத் தண்டு ஒன்று தாங்குவதாயின் அதன் மேற்பரப்பில் ஏறக்குறைய 407 மெகாபாஸ்கல் தகைவு உண்டாகும். தண்டை 5 மில்லிமீட்டர் மட்டும் மெலிதாக்கி 45 ஆக்கினால் அது 559 ஆகிவிடும். வலிமை விட்டத்தின் மூன்றாம் அடுக்கைப் பொறுத்தது என்பதால், சுண்டுவிரல் நகத்தின் பாதி அகலம் குறைந்தாலும் தகைவு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏறிவிடுகிறது. சாதாரண மைல்டு ஸ்டீல் முறுக்கில் 145 மெகாபாஸ்கல் அளவிலேயே மீட்சி எல்லையைத் தாண்டிவிடும். அதைக்கொண்டு இந்தத் தண்டைச் செய்ய 70 மில்லிமீட்டர் விட்டம் வேண்டும், எடை இரட்டிப்பாகும். ஆதலால் குரோமியம், மாலிப்டினம், நிக்கல் கலந்த எஃகுகளை நாடுகிறார்கள். அம்பத்தூர்ப் பட்டறைகளில் "இஎன் 19", "இஎன் 24" என்று சொல்வது இவற்றைத்தான். இந்த எண்கள் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிரிட்டனில் எஃகு வகைகளை ஒழுங்குபடுத்த இட்டவை. அங்கே புதிய எண்முறை வந்து பல ஆண்டுகளாகியும் நம் லேத்துப் பட்டறைகள் பழைய பெயரை விடவில்லை. இந்த எஃகை வெப்பப் பதப்படுத்தினால் மைல்டு ஸ்டீலைப் போல் மூன்று மடங்குக்கும் மேலான தகைவைத் தாங்கும்.

அப்படியானால் நல்ல எஃகை வாங்கி, வேண்டிய பருமனில் கடைந்துவிட்டால் வேலை முடிந்தது அல்லவா? முடியவில்லை. உண்மையில் பெரும்பாலான தண்டுகள் ஒரே நாளின் அதிகச் சுமையால் ஒடிவதில்லை.

1842ஆம் ஆண்டு மே 8ஆம் நாள், பிரான்சு நாட்டில் வெர்சேல்சிலிருந்து பாரிசுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ரயிலின் முன் என்ஜினில் இருசு ஒடிந்தது. பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தீப்பற்றின. பெட்டிகளின் கதவுகள் வெளியே பூட்டப்பட்டிருந்ததால் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நெடுநாள் ஒழுங்காக ஓடிய இருசு ஏன் திடீரென்று ஒடிய வேண்டும்? ஓயாத அதிர்ச்சியால் இரும்பின் தன்மையே மாறிப் படிகமாகிவிடுகிறது என்று அக்காலத்தில் பலர் நம்பினர். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ராங்கின் என்பவர் அடுத்த ஆண்டே வேறொன்று சொன்னார். அப்போது அவர் இருபத்துமூன்றைத் தாண்டாத இளைஞர். இருசின் பருமன் சட்டென்று மாறும் மூலையில் மிகச் சிறிய விரிசல் தோன்றி, ஒவ்வொரு சுற்றிலும் சிறிது சிறிதாக உள்ளே வளர்ந்து, எஞ்சிய பகுதியால் சுமையைத் தாங்க முடியாத நாளில் ஒடிகிறது என்பது அவர் கண்டது. மூலையைக் கூராக விடாமல் வளைவாகக் கடைய வேண்டும் என்று அவர் கூறினார். பிற்பாடு பிரஷ்ய நாட்டு ரயில்வேயில் பணியாற்றிய வோலர் என்பவர் இருசுகளைச் சுழலவிட்டுப் பல்லாண்டு சோதனை செய்து, மீட்சி எல்லைக்கு வெகு கீழே உள்ள தகைவுகூட லட்சக்கணக்கான முறை திரும்பத் திரும்ப வந்தால் இரும்பை ஒடித்துவிடும் என்பதை எண்களால் நிறுவினார். இதையே உலோகக் களைப்பு என்கிறோம்.

இந்த வரலாற்றை நூலகத்தில் படித்தபோது எனக்கு வியப்பு ஏற்படவில்லை. எட்டாம் வகுப்பு விடுமுறையில் தந்தையாருக்குச் சாப்பாடு கொண்டுபோன நாளில், புதிதாகச் சேர்ந்த பையனிடம் அவர் சொல்லிக்கொண்டிருந்தார்: "மூலையைக் கூரா விடாதடா. அங்கதான் விரிசல் விடும். ரேடியஸ் கேஜை வச்சுப் பாரு." ராங்கினை அவர் அறியமாட்டார். வளைவு குறைந்தால் வேலை கொடுத்தவர்கள் தண்டைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், கூலி போய்விடும் என்பதை அறிவார். கடைசல் கருவி விட்ட ஒரு சிறு கீறலையும் எமரித் தாளால் தேய்த்து எடுப்பார். மேற்பரப்பில்தான் தகைவு உச்சம் என்று மேலே கண்டோம். விரிசல் பிறப்பதும் அங்கேதான். எனவே இருசைப் பலப்படுத்தும் கலை என்பது பெரும்பாலும் அதன் தோலைக் காக்கும் கலையே.

தோலைக் காக்க வேறு வழிகளும் உண்டு. நம் ஊர்க் கொல்லர் அரிவாள் அடிக்கும்போது வாய்ப்பகுதியை மட்டும் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்க்கிறார். முதுகை அப்படியே விடுகிறார். வாய் கடினமாகிறது, முதுகு நெகிழ்ச்சியுடன் இருப்பதால் ஓங்கி வெட்டினாலும் அரிவாள் இரண்டாவதில்லை. இருசுத் தண்டுக்கும் இதையே செய்கிறார்கள். தண்டைச் சுற்றி ஒரு செப்புக் கம்பிச் சுருளை வைத்து உயர் அதிர்வெண் மின்னோட்டத்தைச் செலுத்தினால், மின்காந்தத் தூண்டலால் தண்டின் மேல்தோல் மட்டும் சில நொடிகளில் சிவந்துவிடும். உடனே நீரைப் பாய்ச்சிக் குளிர்விக்கிறார்கள். கடினமான தோல் சற்றே பருக்க முயல்கிறது. உள்ளிருக்கும் மென்மையான உலோகம் அதை விடாமல் பிடிக்கிறது. இதனால் தோல் எப்போதும் அழுத்தப்பட்ட நிலையிலேயே இருக்கும். விரிசல் வளர வேண்டுமானால் வாய் திறக்க வேண்டும் அல்லவா? அழுத்தத்தில் உள்ள தோல் அதைத் திறக்க விடுவதில்லை. சிறு எஃகுக் குண்டுகளை மழைபோல் வீசி மேற்பரப்பை அடிப்பதும் இதே நோக்கத்துக்காகத்தான்.

இப்போது மாமாவின் கதைக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மண் குழியிலிருந்து அவர் லாரியை மேலே ஏற்றிக்கொண்டிருந்தபோது பின்சக்கரம் புதைந்தது. என்ஜினை வேகப்படுத்திக் கிளட்சை விட்டார். வெடிபோல் ஓசை கேட்டது. இருசுத் தண்டு இரண்டாயிற்று. "நான் கிளட்சை விட்டதுதான் குத்தமாம்" என்று வீட்டில் வந்து சொன்னார். உரிமையாளர் இரண்டு மாதம் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார். ஒடிந்த துண்டு எங்கள் வீட்டுக்கு வந்து, கொல்லைக் கதவுக்கு முட்டாகக் கிடந்தது. கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் அதைக் கூர்ந்து பார்த்தேன். ஒடிந்த முகத்தில் மூன்றில் ஒரு பங்கு வழவழப்பாக, சிப்பி ஓட்டின் மேல் காணும் வரிகள் போல் ஒன்றுக்குள் ஒன்றாக வளைந்த கோடுகளுடன் இருந்தது. எல்லா வரிகளும் தண்டின் விளிம்பு வட்டை சேரும் மூலையில் ஒரு புள்ளியைச் சுற்றியே அமைந்திருந்தன. மீதி இரண்டு பங்கு கரடுமுரடாக இருந்தது.

அந்த வரிகள் விரிசல் வளர்ந்த வழி; மரத்தின் ஆண்டு வளையம் போன்றவை. கரடுமுரடான பகுதிதான் அன்று மண் குழியில் ஒடிந்தது. அதாவது மாமா அந்த லாரியில் ஏறியபோதே தண்டில் விரிசல் ஓடிக்கொண்டிருந்திருக்க வேண்டும். அன்றைய கிளட்சு கடைசி அடி. முதல் அடி எத்தனையோ நாளுக்கு முன்பு, அளவுக்கு மீறி ஏற்றிய எத்தனையோ நடைகளில் ஒன்றில் விழுந்தது. துண்டை எடுத்துக்கொண்டு போய் உரிமையாளரிடம் விளக்கினோம். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிடித்த பணம் திரும்பி வரவில்லை. ஆயினும் இருசு ஒடிந்தால் ஓட்டுநரைப் பார்ப்பதற்கு முன் ஒடிந்த முகத்தைப் பார்க்க வேண்டும் என்பதை எழுதி வைப்பதற்காகவே இக்கட்டுரையை ஏற்றுக்கொண்டேன். நம் வகுப்பில் பலருடைய தந்தையும் அண்ணனும் ஓட்டுநர்கள்.

அந்தத் தண்டை உரிமையாளர் முதலில் பற்றவைத்துத்தான் ஓட்டச் செய்தார். அது நான்கே நாளில் பற்றவைப்புக்குப் பக்கத்தில் ஒடிந்தது. ஒடியாமல் வேறென்ன செய்யும்? பற்றவைக்கும் சூடு பதப்படுத்திய தோலைக் கெடுத்துவிடுகிறது. பக்கத்திலுள்ள பகுதியோ சட்டென்று குளிர்ந்து கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மை பெறுகிறது. பாரம் தாங்கும் இருசாக இருந்தால் சக்கரமே கழன்று பேராபத்து விளைந்திருக்கும். நல்லவேளையாக, லாரிகளில் பாரத்தைத் தாங்குவது தண்டு அன்று. தண்டைச் சுற்றியுள்ள குழாய் வடிவ ஹவுசிங். சக்கரம் அந்தக் குழாயின் மேல் பேரிங்கில் சுழல்கிறது. உள்ளே செல்லும் தண்டுக்கு முறுக்கு மட்டுமே. வள்ளுவர் கண்ட இருசின் வேலையைக் குழாய்க்கும், புதிய வேலையைத் தண்டுக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். சிறிய வண்டிகள் பலவற்றில் இரண்டு வேலையையும் தண்டே செய்கிறது. அங்கே தண்டு ஒடிந்தால் சக்கரமும் போய்விடக்கூடும்.

மூன்றாவதாக, கெட்டியான எஃகில் பருமனாகச் செய்த ஒரு தண்டு வந்தது. அது ஒடியவே இல்லை. பதிலாகச் சில மாதத்தில் கிரவுன் வீலின் பற்கள் உதிர்ந்தன. கிரவுன் வீலும் பினியனும் ஒன்றோடொன்று தேய்த்து இணை சேர்க்கப்பட்டவை; ஒன்று போனால் இரண்டையும் மாற்ற வேண்டும். செலவு தண்டைப்போல் பல மடங்கு. என்ஜினிலிருந்து டயர் வரை கிளட்சு, கியர், குறுக்கு ஜாயிண்ட், பினியன், கிரவுன் வீல், தண்டு என்று ஒரு சங்கிலி இருக்கிறது. ஒரு கண்ணியை மட்டும் கெட்டிப்படுத்தினால் அடுத்த மெலிந்த கண்ணி ஒடியும். ஆகவே எது முதலில் ஒடிய வேண்டும் என்று தீர்மானிப்பதும் வடிவமைப்பவரின் வேலையே. டிராக்டரில் பூட்டும் உழவுக் கருவிகள் சிலவற்றில் ஷியர் போல்ட் என்று ஒன்று வைத்திருப்பார்கள். கருவி கல்லில் மாட்டினால் அந்தச் சிறு போல்ட் அறுந்து கியர்ப் பெட்டியைக் காப்பாற்றும். வீட்டு மின்சாரத்தில் ஃபியூஸ் செய்யும் வேலைதான் இது.

இங்கே ஒரு விந்தையையும் சொல்ல வேண்டும். தண்டின் முனைகளில் ஸ்பிளைன் எனப்படும் நெடும்பற்கள் வெட்டப்பட்டிருக்கும். பற்களின் அடிப்பள்ளத்தில் தண்டின் விட்டம் குறைவு. எனவே அங்கேதான் ஒடியும். இதைத் தடுக்க நடுத்தண்டையும் அந்தப் பள்ளத்தின் விட்டத்துக்கே மெலியக் கடைந்துவிடுகிறார்கள். மெலிந்த தண்டு எப்படி வலுவாகும்? 50 மில்லிமீட்டர் விட்டமும் 1 மீட்டர் நீளமும் உள்ள தண்டு மேலே சொன்ன 10,000 நியூட்டன் மீட்டரில் ஏறக்குறைய 12 பாகை முறுக்கிக்கொள்ளும். விசை நீங்கியதும் திரும்பிவிடும். நடுத்தண்டு பருமனாக இருந்தால் முறுக்கம் முழுவதும் முனையிலுள்ள குறுகிய பள்ளத்தில் குவிந்துவிடும். எங்கும் ஒரே விட்டமானால் முழு நீளமும் சேர்ந்து முறுக்கி, அதிர்ச்சியின் ஆற்றலைச் சுருள்வில் போல் வாங்கிக்கொள்ளும். சேற்றில் வேகமாகச் சுழன்றுகொண்டிருக்கும் சக்கரம் திடீரென்று ஒரு பாறையைப் பற்றும்போது வரும் அடி, அமைதியாக ஏறும்போது வரும் விசையைவிடப் பன்மடங்கு பெரிது. அந்த அடியை வாங்கும் திறமை பருமனில் இல்லை.

மற்றொரு வழி, தண்டுக்கு வரும் முறுக்கையே குறைத்துவிடுவது. கல்குவாரி டிப்பர்கள் சிலவற்றின் பின்சக்கரத்தைப் பாருங்கள். நடுவில் குடம்போல் ஒன்று வெளியே புடைத்துக்கொண்டிருக்கும். அதற்குள் ஒரு பற்சக்கரத் தொகுதி இருக்கிறது. மொத்தக் குறைப்பையும் இருசின் நடுவிலேயே செய்யாமல், ஒரு பகுதியைச் சக்கரத்துக்கு அருகில் வந்து செய்கிறார்கள். சக்கரத்தில் 3 மடங்கு பெருக்கம் நடந்தால், தண்டுக்கும் கிரவுன் வீலுக்கும் மூன்றில் ஒரு பங்கு முறுக்கே வரும். 50 மில்லிமீட்டருக்குப் பதில் 35 மில்லிமீட்டர் தண்டு போதும். ஜெர்மனியின் உனிமோக் வண்டியில் இந்தப் பற்சக்கரங்களைச் சக்கர மையத்துக்கு மேலே தண்டு வருமாறு அமைத்தார்கள். அதனால் இருசு தரையிலிருந்து உயர்ந்து, கற்களில் முட்டாமல் போகிறது.

இதே கொள்கையின் பெரிய வடிவத்தைக் காண நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1961இல் தொடங்கப்பட்ட ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965இல் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. எடை ஏறத்தாழ 39 டன். பின்னர் அஜேயா, பீஷ்மா, அர்ஜுன் ஆகியவை அங்கே உருவாயின. அர்ஜுனின் முதல் வடிவம் ஏறத்தாழ 58 டன். 2021 பிப்ரவரி 14 அன்று சென்னையில் இராணுவத்திடம் ஒப்படைக்கப்பட்ட மார்க் 1ஏ வடிவம் 68 டன் அளவு. அத்தனை எடையையும் புழுதியிலும் மணலிலும் திருப்பி ஓட்டுவதற்கு, என்ஜினை அடுத்துள்ள கியர்ப் பெட்டிக்குப் பின் இருபுறமும், சங்கிலிப் பட்டையை இழுக்கும் பற்சக்கரத்தை ஒட்டினாற்போல், இறுதிக் குறைப்புப் பெட்டி ஒன்றை வைக்கிறார்கள். முறுக்கு மிகப் பெரிதாகும் இடத்தை முடிந்த வரை கடைசிக்குத் தள்ளிவிடுவதுதான் இங்கும் தந்திரம்.

டாங்கியில் என்னை மிகவும் கவர்ந்தது வேறொன்று. விஜயந்தா பல ஊர்களில் நினைவுச் சின்னமாக நிற்கிறது. பார்த்தால் பக்கத்துக்கு ஆறு சக்கரங்கள் தெரியும். ஒவ்வொரு சக்கரமும் ஒரு கைநெம்பில் மாட்டப்பட்டிருக்கிறது. கைநெம்பின் மறுமுனை, டாங்கியின் அடித்தளத்தில் குறுக்கே கிடக்கும் நீண்ட எஃகுத் தண்டோடு இணைந்திருக்கிறது. அந்தத் தண்டின் அடுத்த முனை எதிர்ப்பக்கத்தில் அசையாமல் பிடிக்கப்பட்டிருக்கிறது. சக்கரம் மேட்டில் ஏறும்போது தண்டு முறுக்கிக்கொள்கிறது, இறங்கும்போது அவிழ்கிறது. வேறு வில் கிடையாது. நம் ஆய்வுக்கூடத்து முறுக்கு ஊசல் பன்னிரண்டு சேர்ந்து ஒரு டாங்கியைத் தாங்குகின்றன என்றால் மிகையன்று. அஜேயாவிலும் பீஷ்மாவிலும் இதே ஏற்பாடுதான். அர்ஜுனில் மட்டும் பக்கத்துக்கு ஏழு சக்கரம்; தண்டுகளுக்குப் பதிலாக எண்ணெயும் அழுத்தப்பட்ட வாயுவும் வில்லாகப் பணியாற்றுகின்றன.

இத்தகைய முறுக்குத் தண்டுகளைச் செய்து முடித்ததும், அவை வேலை செய்யப்போகும் திசையிலேயே மீட்சி எல்லையைத் தாண்டி வேண்டுமென்றே முறுக்கி விடுவார்கள். மீட்சி எல்லையைத் தாண்டினால் கம்பி கெட்டுவிடும் என்று நாம் பதிவேட்டில் எழுதுகிறோம். அங்கே அதையே மருந்தாகப் பயன்படுத்துகிறார்கள். தோல் நிலையாக முறுக்கிக்கொள்கிறது. உள்பகுதி பழைய நிலைக்கு வர முயன்று தோலை எதிர்த்திசையில் பிடித்து வைக்கிறது. பிறகு சுமை வரும்போது, அந்த எதிர்த் தகைவைக் கழித்தது போக மீதியைத்தான் தோல் தாங்க வேண்டியிருக்கிறது. ஆனால் திசை மாறினால் நன்மை தீமையாகிவிடும். ஆகவே இடப்பக்கத் தண்டு, வலப்பக்கத் தண்டு என்று குறியிட்டு வைப்பார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். மாற்றி மாட்டக் கூடாது.

கடைசியாக, ஓட்டுநர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பயன்படக்கூடிய ஒரு சோதனையைக் கூறுகிறேன். பெரிய தொழிற்சாலைகளில் தண்டைக் காந்தமாக்கி, மேலே இரும்புப் பொடி கலந்த நீர்மத்தை ஊற்றி விரிசலைக் காண்கிறார்கள். விரிசல் உள்ள இடத்தில் பொடி கோடாகச் சேர்ந்துவிடும். அந்த வசதி இல்லாத காலத்தில் ரயில்வே பட்டறைகளில் எண்ணெயையும் வெண்சுண்ணப் பொடியையும் வைத்தே பார்த்தார்கள். நாமும் அதைச் செய்யலாம். லாரியின் இருசுத் தண்டை வெளியே எடுக்கச் சக்கரத்தைக் கழற்ற வேண்டியதில்லை; ஜாக்கி வைக்கவும் தேவையில்லை. வண்டி நகராமல் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டு, விளிம்பு வட்டின் போல்ட்டுகளைக் கழற்றி உருவினால் போதும். கிரீசைத் துடைத்து, விளிம்பு வட்டு சேரும் மூலையிலும் ஸ்பிளைன் முடியும் இடத்திலும் மண்ணெண்ணெயைத் தாராளமாகத் தடவிச் சிறிது நேரம் ஊறவிட வேண்டும். பின் உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்துவிட்டு, பொடித்த சாக்குக்கட்டியை மெல்லியதாகப் பூச வேண்டும். தண்டைச் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த மண்ணெண்ணெய் மெதுவாக வெளியே கசிந்து, வெள்ளைப் பூச்சின் மேல் மயிரிழை போன்ற ஈரக்கோடாகத் தெரியும். அப்படித் தெரிந்த தண்டை மீண்டும் வண்டியில் மாட்டக் கூடாது. பற்றவைக்கவும் கூடாது.